குட்டானும் பட்டமும்: ஓய்வுக் கைப்பணி பற்றிய ஒரு மதிப்பீடு

பனையோலைக்கு யாழ்ப்பாணத்தில் இருவகை வாழ்வு உண்டு. ஒன்று எழுத்தாணிக்கு இசைந்து ஏடாயிற்று. மற்றொன்று விரல்களுக்கு இசைந்து பெட்டியாயிற்று. ஏடான ஓலைக்குக் கிடைத்த பெருமை பெரிது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1887 ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றிய வரலாறு கற்றோர் யாவரும் அறிந்தது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின; அவ்விழப்பின் துயர் இன்றும் ஆறவில்லை, ஆறவும் வேண்டியதில்லை. பெட்டியான ஓலைக்கோ பதிப்பாசிரியரும் இலர்; அழுதாரும் இலர். சமையலறையின் மூலையிலே கிடந்து நைந்து, ஈற்றில் அடுப்பிலே எரிந்து போவதே அதன் முடிவு. இம்முடிவு இயல்பானதே, பெட்டி நைவதற்காகவே பின்னப்படுவது. ஒன்று நைந்தால் மறுநாள் மற்றொன்று முடையப்படும். ஆயின், முடையும் கைகளே இல்லாதொழியுமிடத்து நேர்வது ஒரு பெட்டியின் அழிவன்று. ஏட்டில் எழுதப்படாத ஒரு நூலின் அழிவாகும்.

அவ்வழிவு பெரும்பாலும் சத்தமின்றியே நிகழ்ந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. துலாவும், துலாக்கொடியிற் கட்டிய ஓலைப் பட்டையும் போயின. பிளாஸ்டிக் வாளியும் கூடையும் வந்தன, கடகம் போயிற்று. சந்தைக்குச் செல்வோர் கையிலே தொங்கிய உமலின் இடத்தை நைலோன் பை பிடித்துக்கொண்டது. நீத்துப்பெட்டி மட்டும் சில வீடுகளிற் பிடிவாதமாக எஞ்சியிருக்கிறது. ஓலையின் மணம் ஏறாத பிட்டைப் பிட்டென்று ஏற்க மறுக்கும் நாவுகள் அதனைக் காத்தன போலும். போர்க்காலத்தில் எண்ணிறந்த பனைகள் காப்பரண்களுக்காக வெட்டுண்டதும் இவ்வழிவிற்கு ஒரு துணையாயிற்று.

போன பொருள்கள் இப்போது திரும்பி வருகின்றன. ஆனால் உருவிற் சிறியனவாய் வருகின்றன. திறப்புக் கோவையிலே விரலளவுக் கடகம் ஒன்று தொங்குகின்றது. விருந்தினர் அறைச் சுவரிலே உள்ளங்கையளவுச் சுளகு சாயம் பூசப்பட்டுக் காட்சி தருகின்றது. பாடசாலைக் கண்காட்சிகளிலே தீப்பெட்டியளவு மாட்டுவண்டியும், சிரட்டையிற் செதுக்கிய வீணையும், ஈர்க்கினால் அமைந்த கோபுரமும் வரிசையாக வைக்கப்படுகின்றன. வேலை ஓய்ந்த நேரத்திலே மனமகிழ்ச்சிக்காகச் செய்யப்படும் இத்தகைய சிறு வேலைகளை ஓய்வுக் கைப்பணி எனலாம். இவற்றைக் காண்போர் வழங்கும் பாராட்டு ஏறத்தாழ ஒரே வகையினது: “எவ்வளவு சிறிது! எவ்வளவு பொறுமை!” பொறுமை நற்குணமே, ஆயினும் பொறுமையைப் புகழ்வது கலையைப் புகழ்வதாகாது. சமையலறையிற் பயன்பட்ட பெட்டிக்கு ஒரு நடுவர் இருந்தார். ஒழுகினாலோ, விளிம்பு பிரிந்தாலோ, சுமை தாங்காது கிழிந்தாலோ அந்த நடுவர் இரக்கமின்றித் தீர்ப்பளித்தார். பயன் என்னும் அந்த நடுவர் நீங்கியபின், சுவரிலே தொங்கும் சுளகின் நன்மை தீமைகளை ஆராய்பவர் யார்? எல்லாவற்றையும் அழகென்று சொல்லும் கூட்டத்தில் அழகு தனித்து நிற்க இடமில்லை.

இவ்வினாவை எழுப்புமிடத்து ஆனந்த குமாரசுவாமி அவர்களை ஒதுக்கிவிட்டு மேற்செல்ல இயலாது. 1877 ஆம் ஆண்டிலே கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்திலே கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கிய அவர், கல்லைத் தேடிச் சென்ற ஊர்களிலே கலையைக் கண்டவர். 1905 இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அந்நூல் உருவான கதையும் அதன் கருத்துக்கு இசைந்தது: வில்லியம் மொறிஸ் முன்னர்ப் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலே, பதினைந்து மாதங்களாக, 425 பிரதிகள் மாத்திரம் அச்சிடப்பட்டன. ஊர்களிலே தகவல் திரட்டுவதில் அவருக்குத் துணைநின்ற துணைவியார் எதெல், பின்னாளில் எதெல் மைரே என்னும் பெயருடன் இங்கிலாந்தின் கைத்தறி நெசவுக்கு வழிகாட்டியாக விளங்கினார்.

குமாரசுவாமியின் கருத்தைச் சுருங்கச் சொல்வதாயின், பயன்படு பொருளென்றும் கவின்பொருளென்றும் கலையை இரண்டாகப் பிளந்தமையே நவீன காலத்தின் நோய் என்பதாகும். தொழிலிலே இன்பம் அற்றவன் ஓய்விலே இன்பத்தைத் தேடுகிறான். ஓய்விலே செய்வது தொழிலாகாமையால் அதற்குப் பொருளும் இல்லாது போகிறது. இந்நோக்கிற் பார்த்தால், பொழுதுபோக்குக் கைப்பணி என்பது நோய்க்கு மருந்தன்று, நோயின் ஓர் அறிகுறியே. காட்சிச்சாலைகள் மீதும் அவருக்கு இதே ஐயம் இருந்தது. 1917 முதல் 1947 இல் இறக்கும்வரை பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிலே பணியாற்றியவரே, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்று வினவி 1943 இல் ஒரு நூல் வெளியிட்டார். தம் வீட்டுக் கூரையைத் தாமே தட்டிப் பார்க்கும் நேர்மை அது.

இக்கருத்தின் வலிமையை எவரும் மறுத்தல் அரிது. எனினும், அவர் அதற்குச் சான்றாக முதலில் எடுத்துக்கொண்ட உலகம் கண்டி இராச்சியத்தின் உலகம் என்பதை மறத்தலாகாது. அங்கே கைவினைஞர் பரம்பரைத் தொழிலினர். அவருள் தேர்ந்தோர் ‘பட்டல் ஹத்தர’ எனப்பட்ட நால்வகை அரசப் பட்டறைகளைச் சேர்ந்தோர். அரசனுக்கும் விகாரைக்கும் செய்த ஊழியத்திற்கு மானிய நிலம் பெற்றோர். அரசு வீழ்ந்தது, ஆதரவு வீழ்ந்தது, கலை வீழ்ந்தது என்னும் அவரது வரலாறு அவ்வுலகிற்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்துக் கைப்பணிக்கு அத்தகைய நூலொன்றை அவர் எழுதவில்லை. எழுதியிருப்பின் தேர்ச்சிற்பத்திலும் பொற்பணியிலும் தம் கொள்கைக்கு வேண்டிய சான்றுகளைக் கண்டிருப்பார்; ஓலைப்பெட்டியிடத்திலே சற்றுத் தடுமாறியும் இருப்பார். ஏனெனில், ஓலை முடைதல் இங்கே அரசப் பட்டறைத் தொழிலாக இருந்ததன்று. உச்சிவெயிலிலே வீட்டுவேலை ஒருவாறு ஓய்ந்தபின், திண்ணையிலோ மாநிழலிலோ காலை நீட்டியமர்ந்த பெண்கள், கதை பேசிக்கொண்டே செய்த வேலை அது. அவர்கள் அதனைத் தொழில் என்றும் கொள்ளவில்லை. கலை என்றும் கொள்ளவில்லை. பொழுதுபோக்கு என்று வெறுமனே கழிக்கவும் இல்லை. ஓய்வும் பயனும் ஒரே மடியிலே கிடந்தன. ஆகவே, ஓய்வுக் கைப்பணி என்றவுடன் அதனை மேனாட்டு நாகரிகத்தின் எச்சமெனத் தள்ளிவிடுதல் யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை பொருந்தாது. ஓய்விலே செய்தமை குற்றமன்று. ஓய்விலே செய்தபோதும் நடுவர் உடனிருந்தமையே அவர்களின் சிறப்பு.

அந்நடுவரின் தன்மையை அறிய ஒரு பொருளை நுணுகி நோக்குதல் வேண்டும். கடகமும் பெட்டியும் பலர் கண்ணிற் பட்டவை. குட்டானை அவ்வளவு கூர்ந்து நோக்கியோர் சிலரே. உள்ளங்கையில் அடங்கும் சிறு ஓலைக்கூடு அது. கருப்பநீரைக் காய்ச்சிப் பாணியாக்கி, அது இறுகுமுன் இக்கூட்டினுள் வார்ப்பர். ஆறியதும் பனங்கட்டி குட்டானின் வடிவத்தையே தன் வடிவமாகக் கொண்டு உறையும். ஆகவே இச்சிறு கூடு ஒரே வேளையில் அச்சாகவும் அளவுகருவியாகவும் பொதியாகவும் அமைகின்றது. சூடான பாணி ஒழுகிவிடாதபடி பின்னல் நெருங்கியிருத்தல் வேண்டும். வெப்பமும் ஈரமும் வெளியேறும்படி ஓலைக்கு மூச்சும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வழி மிக ஒடுங்கியது. குட்டான் முடைந்த கை அவ்வழியிலே தவறாமல் நடந்த கை.

அதன் அழகும் இவ்வொடுக்கத்திலிருந்தே பிறக்கின்றது. அடி சதுரம், வாய் ஏறக்குறைய வட்டம். சதுரம் வட்டமாகும் இடத்தில் நாற்புறமும் ஒரு மெல்லிய திருப்பம் தோன்றுகிறது. இதை எந்தச் சித்திரக்காரனும் திட்டமிட்டு வரையவில்லை. ஒன்று விட்டு ஒன்றாக மேலும் கீழும் செல்லும் ஓலைகள் மூலையிலே மடிந்து மேலெழும்போது தாமே அவ்வடிவத்தை அடைகின்றன. பொருள் தன் இயல்பினால் வேண்டிய வடிவத்தை முடைபவள் தடுக்காமல் விட்டாள்; அதுவே அவள் திறமை. சாயம் இல்லை, பூவேலை இல்லை. பச்சோலை உலர்ந்து பொன்னிறமாகி, பாணியின் கருஞ்சிவப்பை ஏந்தி நிற்பதே போதிய வண்ணம். தின்று முடிந்ததும் எறியப்படும் ஒன்றிற்கு இத்தனை செம்மை எதற்கு என்று வினவலாம். எறியப்படும் பொருளிலும் செம்மை குன்றாமையை ஒரு சமுதாயம் இயல்பாகக் கொண்டிருந்தது என்பதே அதற்கு விடை.

குட்டானை முன்வைத்துப் பார்க்கும்போது, சிறுபொருள் செய்வோர் பலரும் காணத் தவறும் உண்மை ஒன்று புலனாகும். பெரியதைச் சுருக்கினால் சிறியது கிடைத்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். கடகத்தின் அளவைப் பத்திலொன்றாக்கினால் ஓலையின் அகலத்தையும் பத்திலொன்றாக வாரலாம். ஆனால் ஓலையின் தடிப்பு சுருங்குவதில்லை. பெரிய கடகத்திலே இணங்கி மடியும் ஓலை, விரலளவுக் கடகத்தின் மூலையிலே வெடிக்கும். அதனைத் தடுக்க முற்றிய ஓலையை விட்டுக் குருத்தோலையை நாடவேண்டும். இரவுப் பனியிலே போட்டுப் பதமாக்க வேண்டும். வெயில் ஏறுமுன் முடைந்து முடிக்க வேண்டும். குருத்தோலை மென்மையும் வெண்மையும் உடையது; ஆயின் சுமை தாங்கும் வலி அதற்கில்லை. எனவே சிறு கடகம் பெரிய கடகத்தின் வேலையைச் செய்வதாக நடிப்பது வீண். இரட்டையாகப் பின்னிய சுவரும், மட்டை நாரினால் இறுக்கிக் கட்டிய விளிம்பும் பெரிய கடகத்திற்கு எலும்பு போன்றவை. மண்ணும் நெல்லும் சுமக்க வேண்டி அவை பிறந்தன. திறப்புக் கோவையிலே தொங்கும் கடகத்திற்கும் அதே விளிம்பைக் கட்டுவது குழந்தைக்கு மீசை வரைவதை ஒக்கும். குட்டான் அவ்வாறு நடிப்பதில்லை. அது சுருங்கிய கடகம் அன்று, சிறியதாகவே பிறந்தது.

தமிழிலக்கிய மரபும் சிறுபொருளை இவ்வாறே நோக்கியிருப்பது கருதத்தக்கது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. மூன்றும் சிறுமையை அடையாகக் கொண்ட பெயர்கள். ஆயின் இவற்றுள் எதுவும் பேழைக்குள் வைத்துப் பார்க்கும் பொருளன்று. சிற்றில் கட்டப்படுவது, சிதைக்கப்படுவது. அதனை அழியாதே என்று சிறுமியர் வேண்டுவதே அப்பருவத்தின் பொருள். சிறுபறை முழங்கவேண்டும், சிறுதேர் உருளவேண்டும். உருளாத தேரைக் குழந்தை ஏற்காது. அதன் தீர்ப்பும் ஒரு நடுவரின் தீர்ப்பே. பட்டினப்பாலையிலே சிறுவர் உருட்டும் முச்சக்கரச் சிறுதேரின் வழியை, கோழியை ஓட்டுவதற்காக மகளிர் எறிந்த பொற்குழை தடுத்ததாகப் புலவர் பாடுகிறார். வடமொழி நாடகமாகிய மிருச்சகடிகத்திலோ, அயல்வீட்டுப் பொற்றேரைக் கண்டு மண்தேர் வேண்டாமென அழும் சிறுவனுக்காக வசந்தசேனை தன் அணிகலன்களை அம்மண்தேரில் இட்டு நிரப்புகிறாள். அவ்வணிகளே பின்னர் மன்றத்திலே சாருதத்தனுக்கு எதிரான சான்றாக வந்து விழுகின்றன. அந்நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் ‘மண்ணியற் சிறுதேர்’ எனத் தமிழாக்கினார். இரு நூல்களிலும் சிறுதேருக்கு இடையூறாக வருவது பொன் என்பது தற்செயலாகவே இருக்கலாம். மினுக்குத் தாளும் பொன்வண்ணப் பூச்சும் ஒட்டிய கண்காட்சித் தேர்களைக் காணும்போது அத்தற்செயல் நினைவிற்கு வராமற் போவதில்லை.

சிறுபொருட் கலையிலே உலகப் புகழ் வாய்ந்தோர் யப்பானியர். அவர்களின் மரபுடையிலே பை இல்லை. புகையிலைப் பையையும் மருந்துச் செப்பையும் கயிற்றிலே கோத்து இடைக்கச்சையில் தொங்கவிடுவர். கயிறு நழுவாதிருக்க அதன் மேல்முனையிலே விரலளவான குமிழொன்றைக் கட்டுவர். நெட்சுகே என்னும் அக்குமிழே மரத்திலும் தந்தத்திலும் எலியாக, துறவியாக, உறங்கும் நாயாகச் செதுக்கப்பட்டது. எவ்வுருவைச் செதுக்கினும் இரு விதிகளை மீறுதல் இயலாது: ஆடையைக் கிழிக்கும் கூர்முனை இருத்தலாகாது, கயிறு செல்லத் துளை இருத்தல் வேண்டும். எலியின் வால் உடலோடு சுருண்டதற்கும் துறவியின் தலை முழங்காலிற் கவிழ்ந்ததற்கும் இவ்விதிகள் பெரிதும் காரணம். கட்டுப்பாடே உருவத்திற்குச் செறிவைத் தந்தது. 1868 இன் பின் மேனாட்டுடை பரவியதும் நெட்சுகேயின் தேவை மறைந்தது. அந்நிய நாட்டார் விரும்பி வாங்கத் தலைப்பட்டனர். அவர் சுவைக்கேற்பத் துளையற்ற அலங்காரச் சிற்பங்கள் பெருகின. அவற்றிலே வேலைப்பாடு குறையவில்லை, சிலவற்றிற் கூடியதும் உண்டு. ஆயினும் வால் நீண்டது, கை விரிந்தது, செறிவு தளர்ந்தது. யாழ்ப்பாணத்திலே இதற்கு நேரான பொருள் கொட்டைப்பெட்டி. இரு பகுதியாகப் பின்னி ஒன்றனுள் ஒன்று செருகப்படும் அந்த ஓலைச்செப்பு, வெற்றிலை பாக்கையும் சில்லறைக் காசையும் ஏந்தி மடியிலே கிடந்தது. மடியிலே உறுத்தாத வடிவம், ஒரு கையாற் திறக்கும் எளிமை, காசு நழுவாத இறுக்கம் ஆகிய மூன்றும் அதன் நடுவர்கள். சட்டைப்பையும் கைப்பையும் வந்தபின் அதுவும் அலங்காரப் பொருளாயிற்று. இன்று விற்பனைக்கு வரும் சிலவற்றை மூடித் திறக்க முயன்றோர் மூடி இறுகிக் கிழிந்ததைக் கண்டிருப்பர். செய்தவர் திறந்து பார்க்கவில்லை என்பது தெளிவு.

ஆயின், பயனற்ற சிறுபொருள் யாவும் இழிந்தவை என்று கொள்வது அளவு கடந்த முடிவாகும். தஞ்சாவூரிலே நீர்ச்செடியின் நெட்டியைக் கத்தியாற் சீவிப் பெரிய கோயிலின் சிற்றுருவை அமைப்பர். கண்ணாடிப் பேழையினுள் வெண்மையாய் நிற்கும் அவ்விமானத்திற்கு வியப்பன்றி வேறு பயன் இல்லை. ஆனால் நெட்டியின் எடையின்மையும் பாலொத்த வெண்மையும் கருங்கல்லை மறக்கச் செய்து வேறொரு கோயிலை, கனவிற் கண்டது போன்றதொன்றைக் காட்டுகின்றன. அங்கே பொருள் தன் இயல்பைப் பேசுகிறது. கல்லின் நிறத்தைப் பூசி, கல்லே என மயங்கச் செய்ய முயன்ற நெட்டிக் கோயிலோ அக்கணமே பொம்மையாகிவிடும். அரிசியிலே பெயரெழுதுவதும் கரிக்கோல் முனையிலே உருவம் செதுக்குவதும் இந்த இரண்டாம் வகைக்கு அண்மையிலுள்ளவை. “எவ்வாறு செய்தார்?” என்ற வினாவுக்கு விடை கிடைத்தவுடன் அவற்றைப் பார்த்து முடிந்துவிடுகிறது. மீண்டும் பார்க்கத் தூண்டாத சிறுமைக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி உதவாது.

பயன் இல்லாதவிடத்தும் நடுவர் இருக்கமுடியும் என்பதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையே சான்று தரும். மார்கழி தை மாதங்களில் வாடைக்காற்று வீசும்போது ஊரெங்கும் பட்டம் ஏறுகின்றது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே நிகழும் பட்டப் போட்டி நாடறிந்தது. பட்டத்தினால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை. அது முற்றிலும் ஓய்வுக் கைப்பணி. ஆயினும் அதைப்போற் கடுமையாகத் தீர்ப்பளிக்கப்படும் கைப்பணி வேறில்லை. மூங்கிலை எடை பார்த்துச் சீவவேண்டும்; இருபுறமும் சமனாக வளைய வேண்டும்; தாளை இறுக ஒட்டவேண்டும். பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையிலே விரற்கடை பிழைத்தால் பட்டம் தலைகுத்தும். கொக்குப் பட்டமும் பிராந்துப் பட்டமும் பறவையின் சாயலைக் கொண்டவை. சிறகை அழகுக்காகச் சற்று நீட்டினால் காற்று அதைத் திருத்தும், அல்லது முறிக்கும். மேலே ஏறியபின் வில்லிலே இழுத்துக் கட்டிய விண் இரவெல்லாம் கூவும். பனைநாரின் இடத்திலே இப்போது பொதிகட்டும் பிளாஸ்டிக் நாடாவும் பூட்டப்படுகிறது, சுதியைத் தேர்வதில் இளைஞர் கொள்ளும் அக்கறை மட்டும் குறையவில்லை. போட்டிக்கு வரும் பட்டங்கள் ஆண்டுக்காண்டு விசித்திரமாகின்றன. கப்பலும் தேரும் விலங்கும் வானில் ஏறுகின்றன, உறுப்புக்கள் அசைகின்றன. இவ்விசித்திரத்தில் மிகையும் உண்டு. ஆனால் மிகைக்கும் ஒரு வரம்பு அங்கே இருக்கிறது: ஏறவேண்டும். பேச்சாலோ செல்வாக்காலோ காற்றை வசப்படுத்த முடியாது.

அவ்வூரார் இத்தீர்ப்பிற்கு அஞ்சாதவர் என்பதற்கு வரலாறும் உண்டு. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டிலே வல்வெட்டித்துறை மாலுமிகளோடு கடல் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. காற்றை நடுவராகக் கொண்டு மரத்தையும் பாயையும் அமைத்த அறிவுக்கும், மூங்கிலையும் தாளையும் அமைக்கும் அறிவுக்கும் உறவில்லை என்று சொல்வதற்கில்லை. கப்பல் கட்டும் தொழில் அங்கே அருகியபின்னும் பட்டம் கட்டும் ஓய்வுக்கலை நிலைத்தமை சிந்திக்கத்தக்கது. தொழில் விட்டுச் சென்ற அறிவை ஓய்வு காத்துவைத்திருக்கிறது. குமாரசுவாமியின் கொள்கையிலே இதற்கு இடம் காண்பது எளிதன்று.

பட்டம் வாழவும் பெட்டி தேயவும் காரணம் நடுவரின் இருப்பும் இன்மையும் மட்டுமல்ல; மறைக்கக்கூடாத காரணம் வேறொன்றும் உண்டு. பட்டம் விடுவதை எவரும் இழிவாகக் கருதவில்லை. பனை சார்ந்த வேலையிலோ சாதியின் நிழல் விழுந்திருந்தது. மரமேறியவன் தாழ்த்தப்பட்டான், அவன் இறக்கிய ஓலையோடும் நாரோடும் அத்தாழ்வு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் மலாயாச் சம்பளமும் இந்நிலையை மாற்றவில்லை. கையால் வேலை செய்யாமையே கல்வியின் பயன் என்னும் எண்ணத்தை உறுதிப்படுத்தின. பனைக்கு எண்ணூற்றொரு பயன்கள் கூறும் தாலவிலாசம் என்னும் நூலைக் குறிப்பிட்டுப் பெருமை பேசியோர் உளர். அவருள் ஒரு பயனைத் தம் கையாற் செய்தறிந்தோர் எத்தனை பேர்? 1927 ஆம் ஆண்டு நவம்பரிலே யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் கதருக்காகப் பொருள் வேண்டியபோது மனமுவந்து கொடுத்தனர்; கைத்தொழிலைக் கல்வியின் நடுவிலே வைக்கவேண்டும் என்று அவர் 1937 இல் வார்தாவிலே முன்வைத்த திட்டத்தை அத்துணை உவப்போடு ஏற்றனர் எனல் முடியாது. பாடசாலைக் கைப்பணிப் பாடம் பரீட்சைக்கு வேண்டிய அளவோடு நின்றது.

இங்கேதான் ஓய்வுக் கைப்பணியால் வேறெதனாலும் எளிதில் ஆகாத நன்மையொன்று விளைய இடமுண்டு. பிழைப்புக்காக அன்றி விருப்பத்தினால் ஒருவன் ஓலையைக் கையிலெடுக்கும்போது, ஓலையோடு ஒட்டியிருந்த குலப்பெயர் கழன்று விழுகிறது. குறைந்தபட்சம் அவன் கையளவிலேனும் விழுகிறது. அவ்வாறு எடுத்தவன் உடனே கலைஞனாகிவிடுவான் என்பதன்று. முதற் பெட்டி கோணும், இரண்டாவதும் கோணும். அக்கோணலே அவனுக்குக் கிடைக்கும் செல்வம். எந்த மூலை எதனால் வெடித்தது என்பதை அவன் விரல் அறிந்துகொள்கிறது. நல்ல பெட்டியையும் தீய பெட்டியையும் பிரித்தறியும் கண் அந்த விரலிலிருந்து பிறக்கிறது.

குமாரசுவாமி கண்டிப் பிரதானிகளைக் கடிந்தது அவர்கள் கைவினை செய்யவில்லை என்பதற்காகவன்று. நல்லதை நல்லதென அறிந்து ஆதரிக்கும் சுவையை அவர்கள் இழந்துவிட்டனர் என்பதே அவரது குறை. அறிந்து வாங்குவோன் இல்லாதபோது அறிந்து செய்வோனும் இல்லாது போகிறான். அவ்வாறாயின் அவர் ஐயுற்ற ஓய்வுக் கைப்பணியே அவர் தேடிய வாங்குவோனை உருவாக்கவும் கூடும். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைந்த நாள்முதல் பயிற்சியும் விற்பனையும் நடந்து வருகின்றன. போரிலே குடும்பத் தலைவனை இழந்த பெண்கள் பலருக்கு ஓலைவேலை இன்று ஓய்வன்று, உலைக்கு அரிசி. அவர்கள் நாளெல்லாம் முடைந்த பெட்டியை வாங்க வருவோர் நால்வகை விலை பேசுகின்றனர். பிளாஸ்டிக் கூடையின் விலையைச் சொல்லி ஒப்பிடுகின்றனர். சாயம் மினுங்குவதை எடுத்துக்கொண்டு, செம்மையாக முடைந்ததை விட்டுச் செல்கின்றனர். மினுங்குவதே விலைபோனால் அடுத்த கிழமை மினுங்குவதே முடையப்படும். இதற்கு முடைபவளை நோவதில் நியாயமில்லை.

ஒரு விடுமுறைக்குள் ஒரேயொரு குட்டானை ஒழுங்காக முடைந்து முடித்த மாணவன் ஒருவன் திருநெல்வேலிச் சந்தையிலே கடகம் வாங்கச் செல்வதாகக் கொள்ளலாம். அவன் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அதனைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பான். நான்கு மூலையையும் பெருவிரலால் அழுத்துவான். விளிம்பிலே நார் எங்கே தொடங்கி எங்கே மறைந்தது என்று தேடுவான். எதிரே அமர்ந்திருக்கும் கிழவி அதைக் கவனிப்பாள். “தம்பி, உது வேண்டாம், இதை எடு” என்று சாக்கின் அடியிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுப்பாள். அதன் விலை சற்று அதிகமாகவே இருக்கும். அவன் பேரம் பேசமாட்டான்.